டிரைவுக்கு நாற்பது வண்டி, மண்வெட்டிக்கு நாலு பேர்

டிரெயில் என்னும் கரடுமுரடான மண்பாதைகளில் ஜீப் ஓட்டும் எந்த ஆஃப்ரோடு கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் இது நடக்கும். "வர்ற ஞாயிறு டிரைவ், காலையில் ஆறு மணிக்கு கனகபுரா ரோட்டில் சேர்கிறோம்" என்று போட்டால் பத்து நிமிடத்தில் பெயர்ப்பட்டியல் நிரம்பிவிடும். அடுத்த வாரம் "டிரெயில் ரிப்பேர் வேலை இருக்கு, முடிஞ்சவங்க வாங்க" என்று போட்டால் கட்டைவிரல்கள் வரிசை கட்டி நிற்கும், கைதட்டல் வரும், "சூப்பர் ப்ரோ" வரும். ஞாயிறு காலையில் போய் நின்றால் ஆளைத்தான் காணோம்.

பெங்களூரில் எங்கள் கிளப்பும் இப்படித்தான் இருந்தது. ஹலசூர், ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் சிலர் பழைய ஜிப்ஸி ஜீப்புகளோடு ஆரம்பித்தது. 2020-இல் புதிய மஹிந்திரா தார் வந்தது, 2023-இல் மாருதி ஜிம்னி வந்தது, கூட்டமும் பெருகியது. ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்த கையோடு உறுப்பினர் ஆனவர்கள் நிறைய. வேலைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முந்தைய ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கொடுத்தது இரண்டு மண்வெட்டியும் ஒரு நீண்ட பெருமூச்சும்தான். இன்றைக்கு வேலை நாளுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சில சமயம் "இந்தத் தடவை போதும், அடுத்த தடவை வாங்க" என்று சொல்லும் நிலை. எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதி வைத்தால் மற்ற கிளப்காரர்களுக்கும் பயன்படும்.

எங்கள் டிரெயில் ஹாரோஹள்ளி தாண்டி, ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பழைய வண்டிப்பாதை. பாதி கோமாளம், அதாவது ஊர் மாடுகளின் மேய்ச்சலுக்கு விட்ட அரசு நிலம். மீதி சில விவசாயிகளின் பட்டா நிலத்தை ஒட்டிப் போகிறது. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் மல்பெரித் தோட்டம். ராமநகரம், கனகபுரா வட்டாரமே பட்டுக்கூட்டை நம்பி வாழும் இடம். ராமநகரத்தின் பட்டுக்கூட்டுச் சந்தை நாடறிந்தது. தூசி படிந்த மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு ஆகாது. நாற்பது வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனால், பாதையோர வரிசைகளின் இலையைப் பறிக்க முடியாது. காலையில் பால் சொசைட்டிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கும் இதே பாதைதான். நம் டயர் தோண்டிய பள்ளத்தில் அவருடைய முன்சக்கரம் இறங்கினால் பால் மண்ணுக்குப் போகும்.

தோட்டக்காரரை நாங்கள் எல்லோரும் கௌடரே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் டிரைவ் முடிந்து டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. "பெக்கிகே செல்லாட்டா, இலிகே ப்ராண சங்கட்டா" என்று சொல்லிவிட்டு இலையைத் தடவி விரலைக் காட்டினார். நம் பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்தான். விரல் நுனி செக்கச்செவேல் என்று இருந்தது. அவர் ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டால் எங்கள் டிரெயில் அன்றோடு சரி. பெங்களூரைச் சுற்றி முன்பு ஓட்டிக்கொண்டிருந்த இடங்கள் எத்தனை இப்படி மூடிப்போயின என்று பழைய உறுப்பினர்களைக் கேட்டால் தெரியும். சில இடத்தில் வேலி, சில இடத்தில் அகழி, சில இடத்தில் லேஅவுட்.

ஆனால் இதைச் சொல்லி ஆள் சேர்க்க முடியாது. "டிரெயில் மூடிடுவாங்க, வாங்க" என்று பயமுறுத்திப் பார்த்தாகிவிட்டது. பயத்தில் வருகிறவர்கள் ஒரு தடவை வருவார்கள். "ஓட்டத் தெரியுதுல்ல, வேலை செய்யத் தெரியாதா?" என்று குத்திக்காட்டினால் அதுவும் கிடையாது, குழுவை மியூட் செய்துவிடுவார்கள்.

எங்களுக்கு வேலை செய்தது மழை.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வானம் கருத்தபோது, நானும் இன்னும் சிலரும் டிரெயிலுக்குப் போனோம். வண்டிகளைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு ரெயின்கோட் போட்டுக்கொண்டு நடந்து ஏறினோம். மழை பெய்யும்போது டிரெயில் எப்படி இருக்கும் என்று பல வருடம் ஓட்டியவர்களுக்கே தெரியாது, ஏனென்றால் மழை பெய்தால் டிரைவ் ரத்து. அன்றைக்குப் பார்த்தோம். குன்றின் பாறை முகத்திலிருந்து வழியும் நீர் முதலில் புல்லுக்குள்தான் பரவுகிறது. பாதையைத் தொட்டதும் இரண்டு சக்கரப் பள்ளங்களுக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியேற வழியே இல்லை. மேலிருந்து கீழ் வரை இரண்டு ஓடைகள், தேநீர் நிறத்தில். ஒரு வளைவில் என் கட்டைவிரல் அளவுக் கல் ஒன்று உருண்டு போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். இருபது அடி கீழே முஷ்டி அளவுக் கல் உருண்டது. அவ்வளவு வித்தியாசம் எதற்கு என்றால் வேகம். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. கணக்கு சரியோ இல்லையோ, கண்ணெதிரே கல் உருளும்போது யாரும் விவாதம் பண்ணவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பையன், தார்க்காரன், எந்த ஏற்றத்திலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மண்ணை வாரி இறைத்தால்தான் அவனுக்குத் திருப்தி. அன்றைக்கு அவன் ஒரு இடத்தில் நின்று, "இது என் டயர் பள்ளம்தானே? போன மாசம் நான் சிக்கின இடம்" என்றான். அந்தப் பள்ளம் முழங்கால் ஆழத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் கிடந்த தட்டைக் கல்லை எடுத்துப் பள்ளத்தின் ஓரத்தைக் கொத்தி வாய் திறந்துவிட்டான். பள்ளத்தில் ஓடிய நீர் திரும்பிப் புல்லுக்குள் போனது. கீழே ஓடை ஒன்று அப்படியே மெலிந்தது. உடனே எல்லோரும் குச்சி, கல், செருப்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார்கள். நான் யாரையும் வேலைக்குக் கூப்பிடவே இல்லை.

அதிலிருந்து புது உறுப்பினர்களுக்கு முதலில் மழை நடைதான். வண்டி கிடையாது, மண்வெட்டியும் கிடையாது. சும்மா வந்து தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கும் வருகிறார்கள். மின்னல் இருந்தால் மட்டும் போவதில்லை. குன்றின் மேல் மரத்தடியில் நின்று வீரம் காட்டக்கூடாது.

அப்புறம் கூப்பிடும் விதம். எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர், எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மாமா. நான் குழுவில் செய்தி போட்டுப் போட்டு அலுத்துப்போய் அவரிடம் புலம்பியபோது சிரித்தார். "பொதுவா கூப்பிட்டா பொதுவாத்தான் கண்ணா பதில் வரும். கல்யாணப் பத்திரிகையை நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு யாரும் வரலைன்னா எப்படி? வீட்டுக்குப் போய் தாம்பூலத்தோட வெக்கணும்."

அதற்குப் பிறகு குழுவில் அறிவிப்பு மட்டும் போடுவேன், ஆளைக் கூப்பிடுவது போனில். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு இடம், ஒரு முடியும் நேரம். "மச்சி, மூணாவது வளைவுல குறுக்கு மேட்டுக்குக் கல் அடுக்கணும். உங்க வீட்டுத் தோட்டச் சுவரை நீதானே கட்டின? உன்னோட ரெண்டு பேர் இருப்பாங்க. ஏழு மணியிலிருந்து பத்தரை. வர்றியா?" (குறுக்கு மேடு என்றால், பாதையில் ஓடும் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிடும் மேடு.) இப்படிக் கேட்டால் பதில் சரி அல்லது முடியாது என்று வரும். கட்டைவிரல் வராது. முடியாது என்று சொன்னவர்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ணுவதில்லை. வீட்டில் குழந்தைக்கு ஞாயிறு நீச்சல் வகுப்பு இருக்கும், அம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கும், நமக்கென்ன தெரியும்.

பத்தரை என்றால் பத்தரைதான். வேலை பாதியில் நின்றாலும் சரி. முதலில் இதில் கண்டிப்பு இல்லாதபோது, "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு மணி வரை இழுத்து, அடுத்த தடவைக்கு ஆட்களைக் காணவில்லை. வேலை முடிந்த பிறகுதான் ஓட்டம். டிரைவை முன்னால் வைத்து வேலையைப் பின்னால் வைத்தால் யாருக்கும் தெம்பு இருக்காது. பிடதி தட்டு இட்லி பேச்சு வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும்.

காசு கொடுக்கிறேன் என்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எனக்கு ஞாயிறு ஒண்ணுதான் லீவு, ஆயிரம் ரூபாய் தர்றேன், ஊர்ல ஆள் வெச்சுப் பண்ணிடுங்க." தப்பான எண்ணம் இல்லை. வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பணத்தில் கையுறை, கடப்பாரை, மோர் எல்லாம் வருகிறது. ஊரில் கல் அடுக்கத் தெரிந்த இரண்டு பேருக்கு முழுக் கூலி கொடுத்து எங்களுக்குச் சொல்லித்தர வைக்கிறோம். அவர்கள் கை பழகியவர்கள். பெரிய கல்லை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று அவர்கள் ஒரு பார்வையில் சொல்வதை நாங்கள் அரை மணி நேரம் விவாதிப்போம். ஆனால் மொத்த வேலையையும் கூலிக்கு விட நான் சம்மதிக்கவில்லை. காரணம் சிக்கனம் இல்லை. தான் கட்டிய குறுக்கு மேட்டின் மேல் ஒருவர் ஓட்டும் விதமே வேறு. இறங்கிப் பார்க்கிறார், நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ கியரில் போட்டு ஊர்ந்து ஏறுகிறார், பின்னால் வருகிறவன் வீலைச் சுழற்றினால் ஹாரன் அடிக்கிறார். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை.

பணம் இருந்தால் ஜேசிபி ஆசையும் வரும். பக்கத்தில் வேறு ஒரு கூட்டம் தாங்கள் ஓட்டும் வழியை ஜேசிபி வைத்து ஒரே காலையில் தளம் போல நிரவினார்கள். புகைப்படம் அருமையாக இருந்தது. ஆனால் அந்த மண் அதற்கு ஏற்றது இல்லை. இந்த வட்டாரத்துப் பாறை குளோஸ்பேட் கிரானைட், ராமநகரத்தின் பழைய பெயரையே தாங்கியது, சுமார் 250 கோடி வருடப் பழசு. அது சிதைந்து வரும் மண் கரகரவென்று, மணலும் சரளையும் கலந்து இருக்கும். மேலே மாட்டுக் குளம்பும் மழையும் வருடக்கணக்கில் இறுக்கிய ஓடு மாதிரி ஒரு படலம் உண்டு. அதைப் பெயர்த்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் பொலபொலவென்று வந்துவிடும். பெங்களூர்ப் பக்கம் அதிக மழை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில். அந்த வருடம் செப்டம்பர் முடிவதற்குள் அந்தத் தளத்தின் நடுவில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு வெட்டு விழுந்துவிட்டது. மண்ணெல்லாம் கீழே ஒருவருடைய ராகி வயலில்.

கையால் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள் திரும்பி வருவதும் வராததும் செய்த வேலை நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு மழையில் கரைந்துபோனால் எந்தப் பேச்சும் அவர்களை மறுபடி கொண்டுவராது.

நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் பாதை போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐஎம்பிஏ என்ற மலை சைக்கிள் சங்கம் அதைப் பரப்பியது. பாதையின் ஏற்றம் குன்றுச் சரிவின் பாதியைத் தாண்டக்கூடாது, சராசரியாகப் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுடையதோ மாட்டு வண்டிக்காரர்கள் நேராக ஏற்றிய பாதை. பட்டா நிலம் என்பதால் தடத்தை மாற்றிப் போட முடியாது. அதனால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

குறுக்கு மேட்டைத் தடத்துக்கு நேர் குறுக்காக வைக்கக்கூடாது. வைத்தால் தண்ணீர் தேங்கி வண்டல் நிறைந்து அடுத்த மழையில் மேலே ஏறிப் போய்விடும். 30 முதல் 45 டிகிரி சாய்த்து வைக்க வேண்டும். மேல் பக்கம் ஆழமில்லாத அகலப் பள்ளம், அந்த மண்ணையே அள்ளிக் கீழ்ப் பக்கம் மேடு. நடைபாதைக்குப் போடும் ஒல்லியான மேடு எங்களுக்கு உதவாது, இரண்டு வண்டி ஏறினால் நசுங்கிவிடும். ஜிம்னியே சுமார் 1200 கிலோ, தார் அதைவிடக் கனம். அதனால் வண்டி மெதுவாக அலைபோல ஏறி இறங்கும்படி சில மீட்டர் நீளத்துக்குப் பரத்த வேண்டும். அதைவிட முக்கியம் வெளியேறும் வாய். அங்கே தட்டைக் கல் பரப்பி, நீர் புல்லுக்குள் போய்ச் சேரும்படி விட வேண்டும். கௌடரின் தோட்டத்துக்குள் விட்டால் பிறகு அவரைப் பார்க்க முகம் இருக்காது. நூறு மேடு கட்டுவதைவிடக் கட்டிய பத்தின் வாயை மழைக்குப் பிறகு சுத்தம் செய்வது மேல். ஆனால் அந்த வேலைக்குத்தான் ஆள் வராது, ஏனென்றால் புகைப்படத்தில் தெரியாது.

அதற்கு நாங்கள் செய்தது, டிரெயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. நூறு மீட்டர் போல ஒவ்வொரு துண்டு, அதற்கு நாலைந்து பேர். பாறையில் பெயிண்ட் அடிக்கவில்லை, பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஒரு கூகுள் ஷீட், அவ்வளவுதான். ஆனால் பெரிய மழை பெய்த மறுநாள் எவனாவது ஒருவன் பைக்கில் போய்த் தன் துண்டைப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறான். "எங்க வாய் அடைக்கல, உங்களது எப்படி?" உடனே மற்றவர்களுக்கு உறுத்தும். சண்டைகூட வந்திருக்கிறது: மேல் துண்டுக்காரர்கள் வெளியே விடாத தண்ணீரெல்லாம் கீழ் துண்டுக்காரர்கள் தலையில் இறங்குகிறது என்று. அந்தச் சண்டையை நான் தீர்த்து வைக்கவே இல்லை, அவர்களாகவே அடுத்த ஞாயிறு மேலே போய் இன்னொரு வாய் திறந்துவிட்டு வந்தார்கள்.

எப்போது கூப்பிடுவது என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் இந்த மண்ணைத் தொடவே முடியாது. பிக்காசு துள்ளும், கை எரியும், ஒரு முறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். அது ஐடிக்காரர்களுக்கு வருடக் கணக்கு முடிக்கும் காலமும்கூட. ஏப்ரல், மே கோடை மழை இரண்டு மூன்று பெய்ததும் மண் இளகும். மே கடைசியில் பெரிய வேலை. பிறகு மழை முழுக்க வாய் பார்ப்பது மட்டும். நவம்பர் கடைசியில் இன்னொரு சுற்று. அப்போது ஈரமும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஆனால் ஊரில் ராகி அறுவடை. கல் அடுக்கும் இருவரையும் அந்த வாரம் எதிர்பார்க்கக் கூடாது.

கருவிகள் நல்லதாக இருக்க வேண்டும். மொட்டை மண்வெட்டியோடு ஒருவரை மூன்று மணி நேரம் நிற்க வைப்பது தண்டனை. இரண்டு பேருக்கு ஒரு கருவி போதும். ஒருவர் கொத்த, ஒருவர் அள்ள, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். மாமா டூல் ரூம் பழக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எல்லாவற்றையும் அரம் போட்டுத் தீட்டி, பிடியில் எண்ணெய் தடவிக் கொண்டுவருவார். கீபோர்டு பழகிய கைகள் என்பதால் கையுறை எல்லா சைஸிலும் வாங்கி வைத்திருக்கிறோம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்கள் சைஸைக் கொடுத்துச் சமாளிக்கச் சொல்வதில்லை. ஒன்பது மணிக்கு மோர், எலுமிச்சைச் சாதம், ஊறுகாய். இதைச் செய்து எடுத்துவருகிற குடும்பத்தில் யாருக்கும் ஆஃப்ரோடு வண்டியே கிடையாது, மகன் பின் சீட்டில் வருகிறவன். எங்களிடம் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகள் வந்தால் உடைந்த பாட்டில் பொறுக்க விடாதீர்கள், அது பெரியவர்கள் வேலை. அவர்கள் கொடி நடுவதும் முன்-பின் படம் எடுப்பதும் நன்றாகச் செய்வார்கள். படம் எடுக்கும் இடத்தில் ஒரு அடையாளக் கல் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அதே கோணம் கிடைக்கும்.

கல்லைப் புரட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் தேளோ விரியனோ இருந்தால் கல் நடுவில் கேடயமாக நிற்கும், அது மறுபக்கம் போய்விடும். வெறுங்கையை இடுக்கில் விடவே கூடாது. கடப்பாரையால் நெம்பிய பிறகுதான் கை. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று காலையிலேயே போன் போட்டு உறுதி செய்துகொள்கிறோம். பார்த்தீனியம் சிலருக்கு ஆகாது, முழுக்கைச் சட்டை கட்டாயம். உண்ணிச்செடியை வெறுமனே வெட்டினால் இரண்டு மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாக வரும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரின் கழுத்தில் வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும்.

அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளர். கோமாளம் என்றால் கிராமப் பஞ்சாயத்தில் வளர்ச்சி அதிகாரியான பிடிஓவைப் பார்த்துக் கடிதம், தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு நகல். காப்புக்காடு என்றால் பேச்சே இல்லை. கர்நாடக வனச் சட்டம் 1963-இன்படி அத்துமீறி நுழைவதே குற்றம். நல்ல எண்ணத்தோடு செடி வெட்டினாலும் அதே குற்றம்தான். ராமநகரத்தை ஒட்டிய ராமதேவர பெட்டா குன்றில் 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம் இருக்கிறது. அந்தப் பக்கம் "ஒரு ரவுண்டு போலாமா" என்று கேட்கிறவர்கள் எங்கள் கிளப்பில் நீடிப்பதில்லை.

வேலை செய்யாதவருக்கு டிரைவ் கிடையாது என்று விதி போடலாமே என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். நான் எதிர்த்தேன். கட்டாயத்தில் வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் நிற்பார், அவரைப் பார்த்து வேலை செய்கிறவருக்கும் எரிச்சல் வரும். கடைசியில் ஒரே ஒரு விதி போட்டோம்: கான்வாயை முன்னால் நடத்திப் போகிறவர் அந்த சீசனில் ஒரு வேலை ஞாயிறாவது வந்திருக்க வேண்டும். லீட் வண்டி என்றால் எல்லோருக்கும் ஆசை. அதனால் நன்றாக ஓட்டுகிறவர்கள்தான் முதலில் வந்து குனிந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். லீட் போகிறவர்தான் காலையில் டயர் காற்றைப் பார்க்கிறார். 32-ஐ இறக்கி 18, 20 பிஎஸ்ஐக்குக் கொண்டுவந்தால் டயர் தரையில் படும் நீளம் கூடும், பிடி கூடும், சுழற்றித் தோண்ட வேண்டியிராது. மழைக்குப் பிறகு பாதை முகப்பில் இறங்கிக் குதிகாலை அழுத்திப் பார்ப்பதும் அவர் வேலை. குதிகால் புதைந்தால் வண்டிகள் திரும்பும், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி. மல்பெரித் தோட்டத்தைத் தாண்டும் வரை முதல் கியர்தான்.

டி-ஷர்ட், சான்றிதழ், கோப்பை எல்லாம் ஒரு கமிட்டி யோசித்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த டிரைவின் காலைப் பேச்சில், "நாலாவது வளைவு இன்னைக்கு ஓடுதுன்னா காரணம் நம்ம ஆர்டி நகர் டாக்டரம்மா அடுக்கின கல்" என்று பெயர் சொல்லி, இடத்தைச் சொன்னால் போதும். எல்லோரும் அங்கே வரும்போது வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பார்கள். டாக்டரம்மா அடுத்த வாரமும் வருவார், கூடவே ஒரு மயக்க மருந்து நிபுணரையும் இழுத்துக்கொண்டு.

இப்போது கிளப்பில் ஓடும் பேச்சு டர்ட் பைக் பையன்களைப் பற்றியது. எங்கள் டிரெயிலில் ஓட்ட அவர்களுக்கும் இடம் வேண்டுமாம். முள் டயர் மேட்டு உச்சியைக் கிளறிப் போட்டுவிடும் என்று பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். இருபது இளவட்டக் கைகள் கிடைக்கிறதே என்பது மீதிப் பேரின் கணக்கு. கட்டணம் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கௌடரைக் கேட்டோம். பால் நேரம் முடிந்து எட்டு மணிக்கு மேல் வரட்டும், சத்தம் போடும் சைலன்சர் வேண்டாம் என்றார். அதனால் நவம்பர் வேலைக்கு முதலில் கூப்பிட்டிருக்கிறேன், ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாலாவது வளைவுக்குக் கீழே இரண்டு புது மேட்டுக்கு ஏழு பேர் வேண்டும் என்று கேட்டேன், ஏழு பெயர்கள் வந்துவிட்டன. இரண்டு பேர் மட்டும் கையுறை சைஸ் இன்னும் சொல்லவில்லை.